சுருட்டை முடிக்கு ஷாம்பூ வேண்டுமா, வேண்டாமா? எதைக் கழுவுவது, எதை விட்டுவிடுவது

சுருட்டை முடியை எப்படிப் பராமரிப்பது என்று தேடினால் ஒன்றுக்கொன்று நேர்மாறான அறிவுரைகள்தான் வந்து குவிகின்றன. ஷாம்பூவைத் தொடவே கூடாது என்கிறார் ஒருவர். அடிக்கடி ஷாம்பூ போடாவிட்டால் பொடுகு வரும் என்கிறார் இன்னொருவர். எண்ணெய் வீண் என்று ஒரு வீடியோ, ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊற வை என்று வீட்டில் பாட்டி. சீப்பையே தூக்கிப் போடச் சொல்பவர்களும் உண்டு.

இவர்களில் யாரும் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. ஒருவர் தலைத்தோலைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் முடியைப் பற்றிப் பேசுகிறார். கேட்பவர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது. தலைத்தோல் உயிருள்ள உறுப்பு. அது வியர்க்கும், எண்ணெய் சுரக்கும், அதற்கு அழுக்கு நீங்க வேண்டும். வெளியே நீண்டிருக்கும் முடி உயிரற்ற இழை. அதில் ஒரு பழுது ஏற்பட்டால் தானாக ஆறாது. ஆகவே முதலாவதைச் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டாவதைத் தேயாமல் காக்க வேண்டும். நேரான முடியில் இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினாலும் பெரிய சேதம் தெரியாது. சுருட்டையில் உடனே தெரிந்துவிடும். ஏன் என்று பார்ப்போம்.

சுருள் எப்படி உண்டாகிறது

தோலுக்கு அடியில் முடி முளைத்து வரும் சிறிய பைக்கு மயிர்க்கால் என்று பெயர். அது நேராக அமைந்திருந்தால் முடி நேராக வளரும். வளைந்திருந்தால் முடியும் வளைந்து வரும். சுருள் முடியைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டமாக இராது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். இது பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கும் விஷயம். எந்த எண்ணெயும் ஷாம்பூவும் நேரான மயிர்க்காலை வளைக்காது, வளைந்ததை நிமிர்த்தாது.

முடியின் உட்பகுதி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்கு மேல் உறையாக கியூட்டிகிள் என்ற மெல்லிய செதில்கள், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். உள்ளே இருக்கும் புரத இழைகளை இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியமாகப் பிடித்து வைத்திருக்கின்றன:

1. ஹைட்ரஜன் பிணைப்பு. இது பலவீனமானது. தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் மறுபடி சேரும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் முடி நிற்பது இதனால்தான்.

2. டைசல்ஃபைடு பிணைப்பு. இது வலுவானது. தண்ணீருக்கு அசையாது. ரீபாண்டிங், ஸ்ட்ரெயிட்னிங் போன்றவற்றில் ரசாயனம் ஊற்றி உடைப்பது இதைத்தான்.

இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பெரும்பாலான விஷயங்கள் தானாகவே விளங்கும்.

சுருளால் வரும் தொல்லைகள்

தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசை, நேரான முடியில் வேரிலிருந்து நுனி வரை எளிதாக இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தேங்கிவிடும். வேர்ப்பகுதி பிசுபிசுப்பாகவும் நுனி வைக்கோலாகவும் இருப்பதாகச் சுருட்டை முடிக்காரர்கள் புலம்புவதற்குக் காரணம் இதுதான். தலையில் எண்ணெய்ச் சுரப்பு குறைந்துவிட்டது என்று பொருளில்லை.

அடுத்தது, ஒவ்வொரு வளைவின் வெளிப்பக்கத்திலும் கியூட்டிகிள் செதில்கள் சற்றுத் தூக்கி நிற்கும். அங்கே ஈரம் சீக்கிரம் வெளியேறும், உராய்வும் அதிகம். முடி அறுந்து போவதும் பெரும்பாலும் இந்த வளைவுகளில்தான். பக்கத்துப் பக்கத்து முடிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்வதால் சிக்கும் விழுகிறது.

காய்ந்த சுருட்டை முடியைச் சீவினால் என்ன ஆகும் என்பது இப்போது புரிந்திருக்கும். ஒன்றாகச் சேர்ந்து வளைந்திருந்த முடிக் கற்றைகள் தனித்தனி இழையாகப் பிரிந்து, ஆளுக்கொரு திசையில் நிற்கும். நாம் பரட்டை என்று சொல்லும் தலைகளில் பல, உண்மையில் காய்ந்த நிலையில் சீவப்பட்ட சுருட்டைத் தலைகள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், காய்ந்த சுருட்டையில் பேன்சீப்பைப் போட்டு இழுத்து, பிள்ளை அழ அழ இரட்டைப் பின்னல் போடும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்த அழுகை பிடிவாதம் அல்ல; அது வலி. அப்படி இழுப்பதில் முடியும் அறுந்துகொண்டிருக்கிறது.

உங்கள் முடி சுருட்டையா, வெறும் வறட்சியா என்று சந்தேகம் இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு அலசி, சீவாமல் கையால் தொடாமல் காய விடுங்கள். அலையாகவோ வளையமாகவோ கற்றைகள் திரண்டால் அது சுருட்டைதான். 2ஏ, 3பி, 4ஏ என்று வகைப்படுத்தும் அட்டவணை அமெரிக்க சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் உருவாக்கியது. 1 என்றால் நேர், 2 அலை, 3 சுருள், 4 மிக நெருக்கமான சுருள். பேச்சுக்கு உதவும், அவ்வளவுதான். ஒரே தலையில் இரண்டு மூன்று வகை இருப்பது சாதாரணம். முடி மெலிதா தடிப்பா, ஏற்கெனவே சாயமோ சூடோ பட்டு பழுதானதா என்பதுதான் பராமரிப்பைத் தீர்மானிக்கும். முடியை டம்ளர் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா முங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். முடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய், தண்ணீரின் பரப்பு இழுவிசை என்று எல்லாமே அந்த முடிவை மாற்றிவிடும்.

ஷாம்பூ கூடாது என்ற கருத்து எங்கிருந்து வந்தது

நியூயார்க்கில் சலூன் நடத்திய லொரேன் மாசி 2001-இல் சுருட்டை முடி பற்றி ஒரு கையேடு எழுதினார். இன்று கர்லி கேர்ள் முறை என்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது அதிலிருந்து வந்ததுதான். அதன் சாரம் இது: சல்ஃபேட் (அழுக்கை வலுவாக எடுக்கும் பொருள்) உள்ள ஷாம்பூ வேண்டாம், தண்ணீரில் கரையாத சிலிக்கோன் (முடிக்கு வழவழப்பு தரும் பொருள்) வேண்டாம், சூட்டுக் கருவிகள் வேண்டாம், காய்ந்த முடியைச் சீவ வேண்டாம். முடிந்தால் கண்டிஷனரை வைத்தே தலையைக் கழுவுங்கள். கடைசியாகச் சொன்னதற்குக் கோ-வாஷ் என்று பெயர்.

சுருட்டை முடியை நேராக்கினால்தான் அழகு என்று சலூன்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அதை அதன் இயல்பிலேயே வளர்க்கலாம் என்று சொன்னது பெரிய விஷயம். அதற்கான மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கோ-வாஷ் மட்டும் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. நியூயார்க்கின் குளிர்காலக் காற்று வறண்டது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ மே மாதத்தில் தலை வியர்த்துக்கொண்டே இருக்கும், ஹெல்மெட் வேறு. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலையிலும் உண்டு. தலைத்தோலின் எண்ணெய்தான் அதன் உணவு. கண்டிஷனரால் அந்த எண்ணெயை முழுதாக எடுக்க முடியாது. ஆகவே நம் வெயிலில் வாரத்துக்கு ஒரு முறை, வியர்வை அதிகமென்றால் இரண்டு முறை, மென்மையான ஷாம்பூ தலைத்தோலுக்குத் தேவை என்பதே என் முடிவு.

பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பது

முன்பக்கத்தில் எழுதியிருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் சேர்மானங்கள் அளவில் கூடியதிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசையாக இருக்கும். முதல் ஐந்தாறு பெயர்களைப் பார்த்தாலே போதும்.

1. சோடியம் லாரில் சல்ஃபேட்: அழுக்கை வலுவாக எடுக்கும். நுனி வறண்ட சுருட்டைக்கு அடிக்கடி வேண்டாம். சோடியம் லாரெத் சல்ஃபேட் அதைவிடச் சற்று மென்மை.

2. சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட், டெசில் குளுக்கோசைடு, கோகமிடோப்ரொப்பைல் பீட்டைன்: இவை மென்மையானவை. அன்றாடக் கழுவலுக்கு இவற்றைத் தேடுங்கள்.

3. சோடியம் சி14-16 ஒலிஃபின் சல்ஃபோனேட்: பெயரில் சல்ஃபேட் இல்லை, அதனால் சல்ஃபேட் இல்லாதது என்று எழுதி விற்கலாம். ஆனால் இதுவும் வலுவாகவே அழுக்கெடுக்கும். மென்மை என்று நினைத்து ஏமாறும் இடம் இது.

4. டைமெத்திகோன்: இது சிலிக்கோன். முடியில் வழவழப்பைத் தரும், உராய்வைக் குறைக்கும். தண்ணீரில் கரையாது, அதனால் மிக மென்மையான ஷாம்பூவையே எப்போதும் பயன்படுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகப் படியலாம். இது நஞ்சல்ல. மாதம் ஒருமுறை வலுவான ஷாம்பூ போடுபவருக்கு இதனால் பெரிய கவலையும் இல்லை.

அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவும் முக்கியம்; எண் கூடக் கூடக் காரத்தன்மை கூடும். தலைத்தோலின் பி.எச். ஏறக்குறைய 5.5, முடியினுடையது அதைவிடக் குறைவு. காரத்தன்மை கூடினால் முடி உப்பி, செதில்கள் திறந்து, உராய்வு அதிகமாகும். குளியல் சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். அதைத் தலைக்குப் போடுவது சுருட்டைக்குச் செய்யும் பெரிய கெடுதல். பிரேசில் ஆய்வாளர்கள் 123 ஷாம்பூக்களைச் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றின் பி.எச். 3.5 முதல் 9 வரை இருந்தது. ஆக, ஷாம்பூ என்ற பெயர் மட்டும் எந்த உத்தரவாதமும் தராது.

சீயக்காய், அரப்பு, எண்ணெய்

சீயக்காயில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது, இலேசான அமிலத்தன்மையும் உண்டு. சோப்பைவிட எவ்வளவோ மேல். கொங்குப் பக்கம் விரும்பிப் பயன்படுத்தும் அரப்பு, உசில மரத்து இலைத்தூள். குழகுழவென்று இருப்பதால் சிக்கெடுக்க வசதி. இரண்டிலும் ஒரே சிக்கல்தான்: திப்பி. அரைத்த தூளைக் குழைத்து அப்படியே தேய்த்தால் துகள்கள் சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்கத் தேய்த்துத் தேய்த்து அலச வேண்டும், செதில்கள் பெயரும். ஆகவே தூளை வெந்நீரில் ஊற வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றைத் தலைத்தோலில் ஊற்றித் தேய்ப்பதே நல்லது. செம்பருத்தி இலையும் வெந்தயமும் தரும் கொழகொழப்பு, கண்டிஷனர் செய்யும் வேலையில் ஒரு பங்கைச் செய்யும்.

எண்ணெய் முடிக்குள் போகாது என்பது பாதி உண்மை. ரேலே, மோஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடிக்குள் நுழைய முடிகிறது. குளிப்பதற்கு முன் தடவும்போது, தண்ணீரில் முடி அளவுக்கு மீறி உப்புவதையும் அது தடுக்கிறது. குளிப்பதற்கு முன்னால் எண்ணெய் வைக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல ஆதரவு வேண்டியதில்லை.

ஆனால் எங்கே தடவுவது என்பதுதான் கேள்வி. நடுமுடியிலிருந்து நுனி வரை தடவுங்கள், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் போதும். பொடுகு உள்ளவர் தலைத்தோலில் இரவு முழுக்க எண்ணெய் வைத்திருப்பது பூஞ்சைக்குச் சாப்பாடு போடுவதாகிவிடும். விளக்கெண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். அது மிகவும் அடர்த்தி, சுருளில் ஒட்டிப் பிடிக்கும். எண்ணெய் வைத்துக் குளித்தபின் முடி கல்லாகச் சிக்கிக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 2017-இல் வெளியானது, காரணமாகச் சொல்லப்பட்டது விளக்கெண்ணெய். நீண்ட சுருட்டை முடிக்குத் தனி விளக்கெண்ணெயைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

உப்புத் தண்ணீர் என்ற மறைமுகக் காரணம்

எல்லாம் சரியாகச் செய்தும் முடி சொரசொரவென்று இருக்கிறதா? போர் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கடினநீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படியும், சோப்பு போட்டால் கரையாத வெள்ளைப் படிவாகவும் ஒட்டும். இந்தியத் தரநிர்ணய அமைப்பு குடிநீரின் கடினத்தன்மைக்கு வைத்த ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு நீர் இல்லாதபோது 600 வரை. பல ஊர்களில் குளிக்கும் போர் தண்ணீர் இதைத் தாண்டும். வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் அது காட்டும் எண் கரைந்துள்ள எல்லா உப்புக்கும் சேர்த்து, கடினத்தன்மைக்கு மட்டும் தனியாக அல்ல.

தீர்வு செலவில்லாதது. குளியல் முழுக்க போர் தண்ணீரிலேயே முடியட்டும், கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராகவோ மழைநீராகவோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஈ.டி.டி.ஏ. என்று முடியும் பெயர் உள்ள ஆழச் சுத்த ஷாம்பூ போட்டால் படிவு கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து அலசுவதும் உதவும். எலுமிச்சைச் சாற்றை நீர் கலக்காமல் ஊற்ற வேண்டாம், தோல் எரியும்.

குளிக்கும் நாளில் எந்த வரிசையில் செய்வது

1. தலையை நன்றாக நனைத்து, ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, விரல்நுனியால் தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். நகம் படக் கூடாது. முடியை உச்சியில் குவித்துக் கசக்க வேண்டாம். வழியும் நுரையே நீளத்துக்குப் போதும்.

2. கண்டிஷனரை நடுமுடியிலிருந்து நுனிவரை தாராளமாகப் போடுங்கள். அது முடியில் இருக்கும்போதே, முதலில் விரலாலும் பிறகு பெரிய பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். வாரத்தில் சீப்பு படும் ஒரே நேரம் இதுவாகவே இருக்கலாம். நனைந்த முடி எளிதில் நீளும், அதனால் இழுத்தால் அறுந்துவிடும். வழுக்கல் இருக்கும்போது மட்டும் சீப்பு.

3. அலசியபின் துவட்டாதீர்கள். டர்க்கித் துண்டின் வளையங்கள் முடியைப் பிடித்து இழுக்கும். நம் ஊர் ஈரிழைத் துண்டோ பழைய வேட்டித் துணியோ எடுத்து, கீழிருந்து மேலாக அள்ளி அழுத்தி ஈரத்தை ஒற்றுங்கள்.

4. முடி இன்னும் சொட்டும் அளவுக்கு ஈரமாக இருக்கும்போதே ஜெல் போடுங்கள். உள்ளங்கையில் தேய்த்து, முடியின் மேல் வழித்து, அப்புறம் நுனியிலிருந்து மேல்நோக்கி அள்ளிக் கசக்குங்கள்.

5. முழுதாகக் காயும்வரை தொடாதீர்கள். அவசரமென்றால் டிரையரில் டிஃப்யூசர் (காற்றைப் பரப்பிவிடும் மூடி) மாட்டி, குறைந்த சூட்டில் காய வையுங்கள்.

தொட வேண்டாம் என்பதற்குக் காரணம், முதலில் பார்த்த ஹைட்ரஜன் பிணைப்பு. காயும் நேரத்தில்தான் வடிவம் அமைகிறது. ஜெல் ஒவ்வொரு கற்றையையும் சுற்றி மெல்லிய படலமாக இறுகி, அந்த வடிவத்தைக் காக்கிறது. காய்ந்ததும் முடி மொறமொறவென்று விறைப்பாக இருக்கும். பயந்து உடனே கழுவிவிடாதீர்கள். இரண்டு சொட்டு எண்ணெயைக் கையில் தேய்த்துக் கற்றைகளை மெதுவாகக் கசக்கினால் விறைப்பு உடைந்து மென்மையான சுருள் நிற்கும்.

ஜெல்லை வீட்டிலும் செய்யலாம். கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நூல் இழுபடும் பதத்தில் சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள். ஆறினால் வடியாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒன்று. கிளிசரின் ஈரத்தை இழுக்கும் பொருள். காற்றே ஈரமாக இருக்கும் சென்னையில், ஜெல்லின் சேர்மானப் பட்டியலில் கிளிசரின் மேலே இருந்தால் முடி காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும். அந்த ஈரம் ஹைட்ரஜன் பிணைப்பை அவிழ்க்க, சுருள் கலைந்துவிடும். பெங்களூரில் நன்றாக வேலை செய்த ஜெல் சென்னையில் கைவிடுவது இதனால்தான்.

நேராக்கும் சிகிச்சைகள்

ரீபாண்டிங்கில் தயோகிளைக்கோலேட் போன்ற ரசாயனம் டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும். சூடான இரும்பால் முடியை நேராக்கி, பிறகு இன்னொரு ரசாயனத்தால் அந்த நிலையிலேயே பூட்டுவார்கள். அந்த முடி மறுபடி சுருளாது. புதிதாக வளர்வதோ சுருண்டே வரும்.

கெரட்டின் ட்ரீட்மென்ட், ஸ்மூத்தனிங் என்ற பெயர்களில் நடப்பவற்றில் பலவும் ஃபார்மால்டிஹைடு வெளியிடும் பொருட்களைப் பயன்படுத்துகின்றன. ஃபார்மால்டிஹைடு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-இல் வெளியானது. முடியை நேராக்கும் பொருட்களையே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் அது கணித்தது. இது தொடர்பைக் காட்டுகிறது, இதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. இருந்தாலும் புறக்கணிக்கக்கூடிய எண் அல்ல.

ஃபார்மால்டிஹைடு இல்லை என்று சொல்லி விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். ஒவ்வொரு முறை முடியை நேராக்கியபின்பும் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளான 26 வயதுப் பெண்ணைப் பற்றி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2024-இல் பதிவு செய்தது. அதே கிரீமைத் தடவிய எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் காணப்பட்டன. சலூனில் நாற்காலியில் உட்காருமுன் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் படிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். கழுவும் முறையை மாற்றினால் சிக்கும் பரட்டையும் சில வாரங்களிலேயே குறையும். ஆனால் ரசாயனமோ இரும்புச் சூடோ பட்ட பகுதி பழையபடி ஆகாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் முடி முழுதும் இயல்பான சுருளாக மாற இரண்டரை ஆண்டு ஆகலாம். ஒரேயடியாக வெட்ட மனமில்லாதவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியை எடுத்துக்கொண்டே வரலாம். அதுவரை வேர்ப்பகுதி சுருண்டும் கீழ்ப்பகுதி நேராகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடம்தான் மிகவும் பலவீனம், அங்கே சீப்பை மெதுவாகவே விடுங்கள்.

நெற்றியோரம் முடி மெலிந்தால் முதலில் பின்னலையும் கொண்டையையும் தளர்த்துங்கள். ஆண்டுக்கணக்கில் இறுக்கினால் மயிர்க்காலே செத்துவிடும், அப்புறம் அங்கே முடி முளைக்காது. தலைத்தோலில் செதில் உதிர்ந்து, சிவந்து, அரிப்பு சில வாரங்களாக நீடித்தாலும், வட்டம் வட்டமாக முடி கொட்டினாலும் எண்ணெயையும் ஷாம்பூவையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.